இலங்கை அவையில் ஆணையும் அடிமையும்

1. தோற்றுவாய்

காப்பியத் தலைவனைப் பற்றிய ஆராய்ச்சி தமிழில் மிகுதி. தலைவனுக்கு மாறாக நிற்போனைப் பற்றிய ஆராய்ச்சியும் குறைவன்று. ஆயின், மாறாக நிற்போனைச் சூழ்ந்து நிற்போர் அவனுக்கு எவ்வாறு பணிந்தனர், எதன்பொருட்டுப் பணிந்தனர், அப்பணிவு அவனை வாழ்வித்ததா வீழ்த்தியதா என்னும் வினாக்கள் தனியே எடுத்து ஆராயப்படுதல் அரிது. இராவணன் காமத்தால் கெட்டான் என்று கூறி அமைவதே பெருவழக்கு. அக்கூற்று பொய்யன்று, எனினும் அது பாதி உண்மையே ஆகும். ஒருவன் உள்ளத்தில் தோன்றிய காமம் அவனையன்றோ கெடுத்தல் வேண்டும்? அது ஒரு நகரையும், ஒரு குலத்தையும், அறம் அறிந்த ஒரு தம்பியையும், ஆற்றல் மிக்க ஒரு மகனையும் உடன்கொண்டு போனது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை இராவணன் நெஞ்சில் மட்டும் இல்லை. அவன் அவையிலும் உள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இக்கருத்தை நிறுவக் கம்பனது காப்பியத்தில் வரும் இலங்கை மாந்தர் சிலரை எடுத்துக்கொண்டு, அவர்தம் பணிவின் வேறுபாடுகளை வகுத்துக் காண்போம். வான்மீகத்தினின்று கம்பன் வேறுபடும் இடங்கள் இவ்வாய்விற்குப் பெருந்துணை புரிவன. கவிஞன் எதனை மாற்றினான் என்பதே அவன் எதனைக் கருதினான் என்பதற்குச் சான்றாதலின் என்க.

2. அரங்கமும் சிராப்பள்ளியும்

இவ்வாராய்ச்சிக்குத் திருச்சிராப்பள்ளியும் திருவரங்கமும் இயல்பாகவே களமாக அமைகின்றன. கம்பன் தன் நூலைத் திருவரங்கத்தில் அரங்கேற்றினான் என்பது தொன்றுதொட்டு வரும் வழக்கு. தாயார் சந்நிதியின் எதிரே உள்ள மண்டபம் இன்றும் கம்பன் பெயரால் வழங்குகின்றது. தனியன் ஒன்று அரங்கேற்றத்தைச் சகம் 807, அஃதாவது கி.பி. 885 எனக் குறிக்கின்றது. ஆராய்ச்சியாளர் பலர் கம்பனைப் பன்னிரண்டாம் நூற்றாண்டினனாகக் கொள்வர். கால ஆராய்ச்சி ஈண்டு நம் நோக்கமன்று. அரங்கேற்றத்தின்போது இரணியன் வதைப் படலத்திற்குத் தடை எழுந்தது என்றும், மேட்டழகிய சிங்கர் அதனை ஏற்றுத் தலையசைத்தார் என்றும் கூறப்படும் செய்தியே நமக்கு வேண்டுவது. அது வரலாறாயினும் ஆகுக, கதையாயினும் ஆகுக. காப்பியம் முழுவதினும் இந்த ஒரு படலமே வழக்கிற்கு உரியதாகக் கருதப்பட்டது என்னும் நினைவு ஊன்றி நோக்கத்தக்கது. அப்படலம் ஆணையையும் அடிமையையும் பற்றியது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இனி, இவ்விரு தலங்களும் இலங்கையோடு வேறொரு வகையிலும் தொடர்புடையன. இராமன்பாற் பெற்ற அரங்க விமானத்தை இலங்கைக்குக் கொண்டுசென்ற வீடணன் காவிரிக் கரையில் அதனை வைத்தான் என்றும், மீண்டும் எடுக்க இயலாதாயிற்று என்றும், அவன்பொருட்டு அரங்கன் தென்றிசை நோக்கிக் கிடக்கின்றான் என்றும் தலபுராணம் கூறும். விமானத்தை நிலத்தில் வைத்த சிறுவனாகிய பிள்ளையாரை வீடணன் துரத்திச் சென்று குட்டினான் என்னும் கதை உச்சிப்பிள்ளையாரோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படுவது. தென்கரை மலைக்கோ, கரனுடைய படைத்தலைவருள் ஒருவனாகிய மூன்று தலை அரக்கன் திரிசிரன் சிவனை வழிபட்டதால் பெயர் வந்தது என்பர். மலைக்குகையில் பொறிக்கப்பட்டுள்ள ‘சிரா’ என்னும் பெயரைக் கொண்டு, அது சமணத் துறவியொருவரின் பள்ளியைக் குறிப்பது என்பாரும் உளர். சொல்லாராய்ச்சி நோக்கில் இதுவே பொருத்தமாகத் தோன்றுகின்றது. ஆயினும் மக்கள் நினைவு, ஆற்றின் ஒரு பக்கத்தில் இராவணன் ஆட்சிக்காகப் போரிட்டு மடிந்த அரக்கனையும், மறுபக்கத்தில் அவ்வாட்சியை விட்டு நீங்கிய அரக்கனையும் இருத்தி வைத்துள்ளது. பணிந்து மாய்தல், பிரிந்து வாழ்தல் என்னும் இரு நெறிகளையே கம்பனும் எதிரெதிரே நிறுத்துகின்றான்.

திருச்சிராப்பள்ளி வரகனேரியில் 1881இல் பிறந்த வ.வே.சு. ஐயர், கம்பனை ஓமர், மில்டன் முதலிய மேலைப் பெருங்கவிஞரோடு ஒருங்கு நிறுத்தி ஆங்கிலத்தில் ஆராய்ந்தார். 1940களில் தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பியக்கம் இராவணனை வேறொரு கண் கொண்டு நோக்கிற்று. 1946இல் வெளிவந்த புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ அந்நோக்கின் முழுமை. அந்நூல் 1948இல் தடைசெய்யப்பட்டு, 1971இல் தடை நீங்கப்பெற்றது. அவ்வியக்கத்தார் எழுப்பிய வினாக்களுள் ஒன்று இன்றும் விடையை வேண்டி நிற்கின்றது: வீடணன் செய்தது ஒரு தலைவனை விட்டு மற்றொரு தலைவனை அடைந்தது மட்டுந்தானே? அடிமை நீங்கிற்றா, ஆண்டான் மாறினானா? இவ்வினாவைப் பக்தியின் பெயரால் ஒதுக்கிவிடுதல் ஆராய்ச்சியாளர்க்கு அழகன்று.

3. ஆணையின் பெருமையும் எல்லையும்

இராவணனது ஆணையைக் கம்பன் மிகப் பெரிதாகவே காட்டுகின்றான். தேவர்கள் அவன் அவையில் ஏவலாளர். காற்றும் தீயும் கூற்றும் அவனுக்குக் குற்றேவல் புரிவன. ஆனால் இப்பெருமையை முழுதுறக் காட்டிய சூர்ப்பணகை சூழ்ச்சிப் படலத்திலேயே அதன் எல்லையையும் கவிஞன் காட்டிவிடுகின்றான். தங்கை கூறக் கேட்ட அளவிலே காமநோயுற்ற இராவணன், பருவம் தன்னைச் சுடுகின்றது என்று பருவத்தை விலக்குகின்றான். நிலவையும் கதிரவனையும் மாற்றி மாற்றி அழைக்கின்றான். அவையெல்லாம் ஆணைக்கு அடங்கி வந்தும் போயும் நிற்கின்றன. நோய் மட்டும் அடங்கவில்லை. உலகு முழுதும் கீழ்ப்படிகின்ற ஒருவனுக்கு அவன் உள்ளம் கீழ்ப்படியவில்லை.

இதனை வெறும் நகைச்சுவை எனக் கொள்ளுதல் பொருந்தாது. பருவம் எதிர்த்துப் பேசாது, நிலவு இடித்துரைக்காது. எதிர்ப்பற்ற ஆணை தன் பிழையைத் தான் அறியும் வாய்ப்பினை இழந்துவிடுகின்றது. வெம்மை தன் உள்ளத்தே உள்ளது என்று ஒருவர் சொல்லியிருப்பின், பருவத்தைத் துரத்தும் பேதைமை நேர்ந்திராது. பின்னர் அவையில் நிகழப்போவதற்கு இக்காட்சி முன்னுரையாக அமைகின்றது.

மற்றொன்றும் ஈண்டு நோக்கற்பாலது. அனைவரையும் பணியவைத்த இராவணன், அசோகவனத்தில் சீதையின்முன் நிலத்தில் வீழ்ந்து வணங்குகின்றான். மூவுலகின் ஆண்டான் அங்கே அடிமையாகின்றான். ஆணையும் அடிமையும் இருவேறு மனிதரிடத்து மட்டும் அமைவன அல்ல, ஒரே நெஞ்சில் மேலும் கீழுமாய் இருப்பன என்னும் உண்மை இதனால் போதரும். மேலிருந்து ஆணையிடுவோன் எதற்கும் அடிமைப்படான் என்று கருதிய அமைச்சர், தம் அரசனை அறியாதவரேயாவர்.

4. மந்திர அவை

அனுமன் இலங்கையை எரித்துச் சென்றபின் கூடிய அவையை யுத்த காண்டத்தின் இராவணன் மந்திரப் படலத்திற் காண்கின்றோம். இராவணன் தனக்கு நேர்ந்த இழிவைக் கூறி, இனிச் செய்வது யாது என வினவுகின்றான். இவ்வினா போலியன்று; அவன் மெய்யாகவே கேட்கின்றான். விடை கூறுவோரிடத்தே குறை தொடங்குகின்றது.

முதலில் எழுந்த படைத்தலைவன் அரசனைக் குறைகூறுவதுபோலவே தொடங்குகின்றான். வஞ்சனையால் ஒரு பெண்ணைக் கவர்தல் அஞ்சினார் செய்யும் தொழில் என்று தான் முன்னரே கூறியதாக நினைவுறுத்துகின்றான். மேலோட்டமாகப் படிப்போர் இதனை இடித்துரை எனக் கருதக்கூடும். அவன் கண்ட குற்றம் எது? பிறன் மனைவியை விழைந்தது குற்றம் என்று அவன் கூறவில்லை. போரிட்டுக் கொள்ளாமல் கரந்து கொண்டதே குற்றம் என்கின்றான். அறத்தின் பக்கம் நின்று சொல்வதுபோன்ற தோற்றத்தோடு, அரசனது தறுகண்மையைப் புகழும் உரை இது. முகமன் உரைகளுள் மிகத் தேர்ந்தது குறைகூறுவதுபோன்று புகழ்வதே என்பதைக் கம்பன் நன்கு அறிந்திருந்தான்.

அடுத்தடுத்து எழுந்த மகோதரன், வச்சிரதந்தன், துன்முகன் முதலியோர் உரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. நமக்கு உணவாகிய மனிதரும் குரங்கும் நமக்குப் பகையா என்பதே அவற்றின் சாரம். ஒவ்வொருவனும் தன்னை ஏவுமாறு வேண்டுகின்றான். இவ்வுரைகளின் ஒருமைப்பாட்டைச் சலிப்பாகக் கருதிய திறனாய்வாளர் உண்டு. அச்சலிப்பே கவிஞன் கருதியது என்பது நம் துணிபு. பலர் பேசியும் ஒருவரே பேசியதாக முடியும் அவை அது. அவர்கள் பகைவனை நோக்கிப் பேசவில்லை, அரசன் முகத்தை நோக்கிப் பேசினர். எரிந்த நகரைப் பற்றி வினவிய அரசனுக்கு அவன் பழைய வெற்றிகளின் பட்டியல் விடையாகக் கிடைத்தது.

வள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்தில், இடித்துரைப்போர் இல்லாத மன்னனுக்குக் கெடுதற்குப் பகைவரும் வேண்டியதில்லை என்னும் கருத்தினை வைத்தார். இலங்கையின் நிலை அதனினும் நுட்பமானது. இடித்துரைப்போர் அங்கே இல்லாமலில்லை. கும்பகருணனும் வீடணனும் மாலியவானும் இடித்துரைத்தனர். உரைத்தும் பயனின்றிப் போனது ஏன் என்பதே கம்பன் எழுப்பும் வினா.

கும்பகருணன் அவ்வவையில் ஏனையோரை விலக்கித் தமையனை நேரே நோக்கிப் பேசுகின்றான். நாம் பேசுவது மானத்தை, போற்றுவதோ காமத்தை என்னும் பொருள்பட அவன் கூறும் கூற்று இலங்கை அவையில் எழுந்த உரைகளிலெல்லாம் கூரியது. ஆயின் அவனே பின்னர், இந்நிலையில் சீதையை விடுத்தல் அஞ்சியதாக முடியும், ஆதலின் போர் மேற்செல்வதே தக்கது என்றும் கூறுகின்றான். இராவணன் செய்வது யாது? அவ்வுரையின் பிற்பாதியை ஏற்று மகிழ்கின்றான். முற்பாதியைக் கேளாதவனாகவே கடந்துசெல்கின்றான். ஆணையுடையோன்முன் உண்மையும் இணக்கமும் ஒருங்கே வைக்கப்படின், இணக்கமே எடுத்துக்கொள்ளப்படும். இடித்துரை பயனின்றிப் போவதற்குக் கம்பன் காட்டும் முதற் காரணம் இது.

5. அச்சமும் முகமனும்

இலங்கை மாந்தர்தம் பணிவினை அச்சம், முகமன், நன்றி, அன்பு என நால்வகையாகப் பகுக்கலாம்.

அச்சத்தால் பணிந்தோன் மாரீசன். இராமன் அம்பின் ஆற்றலை அவன் தன் உடலால் அறிந்தவன். இராவணன் தன் எண்ணத்தைக் கூறியபோது அறமும் அழிவும் எடுத்துக்காட்டித் தடுக்கின்றான். ஏவியதைச் செய்யாவிடின் தானே கொல்வதாக இராவணன் கூறியவுடன் அவன் வழி அடைபடுகின்றது. இருபுறமும் இறப்பு உறுதி என்றானபின், இராமன் கையால் இறத்தலே நன்று எனத் துணிகின்றான். இப்பணிவில் உள்ள உடன்பாடு உதட்டளவினதே. இத்தகையோன் ஏவல் முடிப்பான், ஏவியவனுக்குக் காவலாகான். ஆயினும் மாரீசன் இறுதிவரை தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை என்பது அவனுக்கு உரிய சிறப்பு. தான் செய்வது தீது என்று அறிந்தே செய்கின்றான்.

முகமனால் பணிந்தோன் மகோதரன். கம்பன் இவனை ஒருமுறை காட்டி விட்டுவிடவில்லை. அரசன் தளரும் இடந்தோறும் கொணர்ந்து நிறுத்துகின்றான். முதற்போரில் படைக்கலமிழந்து, இராமனால் உயிரோடு விடப்பெற்று மீண்ட இராவணன் நாணத்தில் ஆழ்ந்திருக்கின்றான். வானோர் நகுவர் என்பதற்கு அவன் நாணவில்லை, சீதை நகுவாளே என்பதற்கே நாணினான் என்று கம்பன் காட்டுவது உள நூலறிஞரும் வியக்கத்தக்க நுட்பம். அவ்வேளையில் அவன் மாலியவானிடம் இராமனது வில்லாற்றலை மனமாரப் புகழ்கின்றான். ஆணவத்தின் கதவு ஒருகணம் திறந்த இடம் இது. முதியோனாகிய மாலியவான் அத்திறப்பின் வழியே நல்லுரை புகுத்த முயல்கின்றான். உடனே மகோதரன் குறுக்கிட்டு முதியோனைச் சினந்து, வெற்றியும் தோல்வியும் எவர்க்கும் இயல்பு என்று தேற்றிக் கும்பகருணனை எழுப்புமாறு கூறுகின்றான். திறந்த கதவு மூடிக்கொள்கின்றது. மாயாசனகனைப் படைத்துச் சீதையை மயக்கும் சூழ்ச்சியும் இவன் தந்ததே. வான்மீகத்தில் இல்லாத இப்படலத்தைக் கம்பன் சேர்த்ததற்கு மகோதரன் என்னும் மாந்தனை முழுமையாக்குதலும் ஒரு காரணம் எனலாம். தீயோன் ஒருவன் திருந்தக்கூடிய கணங்களை அறிந்து அவற்றை அடைப்பதே முகமன் கூறுவோனது தொழில்.

6. நன்றியின் பெருமையும் இடரும்

நன்றியால் பணிந்தோன் கும்பகருணன். துயிலெழுப்பப் பெற்று வந்தவன், போர் வந்துவிட்டதா, சீதையின் துயர் இன்னும் நீங்கவில்லையா என்று கேட்கின்றான். அவளை விடுத்து, தம்பியோடும் ஒன்றுபடுமாறு மீண்டும் கூறுகின்றான். இராவணனோ, அறிவுரை கேட்க உன்னை அழைக்கவில்லை என்று கடிந்து, ஊனும் கள்ளும் உண்டு உறங்கச் செல் என இகழ்ந்து, தானே போருக்குத் தேர் கொணரப் பணிக்கின்றான். அந்நிலையில் தம்பி பொறுத்தருள வேண்டிப் படைக்கலம் ஏந்துகின்றான். தான் வென்று மீளப்போவதில்லை என்றும், தான் இறந்தால் பின்னேனும் சீதையை விட்டுவிடுமாறும் கூறி விடைபெறுகின்றான். இராவணன் கண்ணீர் உகுக்கின்றான்.

வான்மீகியின் கும்பகருணன் அவையில் தமையனைக் கடிந்தபின், தான் பகைவரைக் கொல்வதாகவும், அதன்பின் தமையன் கள்ளருந்தி மகிழ்ந்து சீதையைத் தன்வயமாக்கிக் கொள்ளலாம் என்றும் கூறுகின்றான். கம்பன் இதனை முற்றும் நீக்கிவிட்டான். அவனுடைய கும்பகருணன் தமையனுக்காக உயிரைத் தருகின்றான். தமையனது காமத்திற்கு ஒருசொல்லும் தரவில்லை. செய்யும் பணி வேறு, உடன்பாடு வேறு என்னும் வேறுபாட்டினைக் காப்பதற்கே இம்மாற்றம் செய்யப்பட்டது எனக் கொள்ளலாம்.

போர்க்களத்தில் வீடணன் வந்து அழைக்கும்போது இவ்வேறுபாடு உச்சநிலை எய்துகின்றது. இராமன் தனக்குத் தந்த அரசை உனக்கே தந்து உன் ஏவலில் நிற்பேன் என்கின்றான் தம்பி. தன்னை நெடிது வளர்த்துப் போர்க்கோலம் பூட்டி அனுப்பிய தமையனுக்கு உயிர் கொடாது நிலையற்ற வாழ்வை விழையேன் என்று மறுக்கின்றான் கும்பகருணன். தமிழ் மரபு செஞ்சோற்றுக்கடன் என்று போற்றும் அறம் இது. இறக்குங்கால் இவன் இராமனிடம் வேண்டுவன இரண்டே: இராவணனிடமிருந்து வீடணனைக் காத்தல் வேண்டும், மூக்கும் செவியும் இழந்த தன் தலையைத் தேவர் கண்டு நகையாவண்ணம் கடலில் இடுதல் வேண்டும். தான் விட்டுப்போகாத தமையனிடமிருந்து, விட்டுப்போன தம்பியைக் காக்குமாறு வேண்டிய இவ்வுள்ளத்தில் அடிமைத்தன்மை சிறிதும் இல்லை.

ஆயினும், உணர்ச்சியின் பெருக்கில் நாம் தீர்ப்பை மறந்துவிடுதல் கூடாது. கும்பகருணனது நன்றி அவனைப் பெருமைப்படுத்திற்று, இலங்கையைக் காக்கவில்லை. மகோதரனது முகமனும் கும்பகருணனது நன்றியும் பண்பில் மலையும் மடுவும் ஆவன. விளைவில் அவை ஒன்றே. தீநெறியில் நிற்கும் அரசன் தீயோர் துணையால் மட்டும் நெடிது நிற்றல் இயலாது. நல்லோர் தம் நன்றியுணர்வால் அவனுக்குத் தோள்கொடுக்கும்போதே அவன் தீமை நெடுங்காலம் நிலைபெறுகின்றது. இதனைக் கம்பன் எங்கும் வெளிப்படையாகக் கூறவில்லை. கும்பகருணனை நாம் விரும்பும்படி படைத்ததே அவன் கூறும் முறை.

அன்பால் பணிந்தோன் இந்திரசித்து. அவையில் தானொருவனே சென்று வென்று வருவதாகக் கூறியவன், நிகும்பலை வேள்வி அழிந்தபின் தந்தையிடம் மீண்டு, சீதைபால் வைத்த ஆசையை விட்டுவிடுக என்கின்றான். அச்சத்தால் கூறியதன்று, தந்தைபால் வைத்த அன்பினால் கூறியது என்பதையும் அவன் தெளிவுறுத்துகின்றான். இராவணன் விடை அவன் வாழ்வின் திறவுகோல்: மாண்டோரையோ, எஞ்சியோரையோ, உன்னையோ நம்பி இப்பகையைத் தேடவில்லை, என்னையே நம்பித் தேடினேன் என்பது அதன் கருத்து. கேட்போர் உள்ளத்தில் பெருமிதம் எழுப்பும் உரை இது. எனினும் நால்வகைப் பணிவும் தந்து மாண்ட அனைவரையும் ஒரே சொல்லால் அது கணக்கினின்று நீக்கிவிடுகின்றது. தனக்காக இறந்தோர் தனக்குத் தேவையற்றவர் என்று கூறுமளவிற்கு ஆணை தனிமைப்பட்டுவிட்டது.

7. மேலைநாட்டு ஒப்புமை

1667இல் வெளிவந்த மில்டனது ‘இழந்த சுவர்க்கம்’ என்னும் காப்பியத்தின் இரண்டாம் பகுதியில் நரக அவை ஒன்று கூடுகின்றது. மோலாக்கு, பீலியல், மம்மன் ஆகியோர் வேறுவேறு கருத்துரைக்கின்றனர். இறுதியில் பெல்சிபப்பு கூறும் வழியே ஏற்கப்படுகின்றது. அதுவோ சாத்தான் முன்னரே எண்ணி வைத்தது. செல்வோர் யார் என்னும் வினாவிற்குச் சாத்தானே எழுந்து, பிறர் முன்வருதற்கு இடமின்றிச் செய்துவிடுகின்றான். அங்கே கருத்து வேறுபாடு உண்டு, ஆனால் அவை நாடகம். இலங்கையில் கேள்வி மெய், விடையோ பெரும்பாலும் ஒன்றே. இரண்டினும் முடிவு அரசன் விரும்பியதேயாம்.

நம் காலத்து மாணவர் நன்கறிந்த மற்றொரு கலைப்படைப்பையும் ஒப்பிடலாம். ‘ஸ்டார் வார்ஸ்’ என்னும் விண்வெளி வீரகாவியத் திரைப்படங்களுள் 1977, 1980, 1983 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மூன்றும் பேரரசு ஒன்றின் தீயோர்தம் படிநிலையைத் தெளிவாகக் காட்டுவன. முதற் படத்தில் டார்த் வேடர் தன்னை இகழ்ந்த படைத்தலைவனை அவையிலேயே தொடாமல் மூச்சடைக்கச் செய்கின்றான். ஆளுநர் டார்க்கின் விடுமாறு கூறியவுடன் அடங்கிவிடுகின்றான். இரண்டாம் படத்தில் பிழைசெய்த கடற்படைத் தலைவனைக் கொன்று, அந்நொடியிலேயே அருகில் நின்றவனை அப்பதவிக்கு உயர்த்துகின்றான். பதவி பெற்றவன் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. அவ்வேடரே பேரரசனது உருவத்தின்முன் மண்டியிடுகின்றான். மேலோனுக்கு அடங்கி, கீழோனை மிதிப்பது அங்கே ஒரே செயலின் இரு பக்கம்.

இவ்வொப்புமையில் வேற்றுமையே நமக்குப் பயன்தருவது. வேடர் பணிந்துகொண்டே, பேரரசனை வீழ்த்தித் தன் மகனோடு ஆள்வதற்கு அழைப்பு விடுக்கின்றான். பேரரசனும் வேடரைக் கொன்று அவனிடத்தைப் பெறுமாறு அம்மகனையே தூண்டுகின்றான். அவ்வுலகில் பணிவு என்பது காத்திருக்கும் ஆசை. இலங்கையிலோ கும்பகருணனும் இந்திரசித்தும் அரியணையை ஒருபோதும் விழையவில்லை. தருவதாகக் கூறியபோதும் கும்பகருணன் கொள்ளவில்லை. விண்வெளிப் பேரரசு தன் மாந்தரின் பொறாமையால் சிதைகின்றது. இலங்கை தன் மாந்தரின் மெய்யன்பால் அழிகின்றது. முன்னையதில் விடுதலை எளிது: மகன் துடிப்பதைக் கண்ட தந்தை பேரரசனைத் தூக்கி எறிந்துவிடுகின்றான். பின்னையதில் அத்தகைய விடுதலைக்கு இடமில்லை. தூக்கி எறியப்பட வேண்டியவன் தமையனாகவும் தந்தையாகவும் இருக்கின்றான். கம்பனது அவலம் ஆழமுடையதாதல் இதனால் விளங்கும்.

8. இரணியனும் வீடணனும்

இனி வீடணனைப் பற்றிய வினாவிற்கு வருவோம். மந்திர அவையில் அவன் கூறிய அறிவுரை பயன்படாதபோது இரணியன் கதையைக் கூறுகின்றான். வான்மீகத்தில் வீடணன் இக்கதையைக் கூறுவதில்லை. கம்பன் ஒரு தனிப் படலமாகவே அமைத்தான். தந்தையின் பெயரை ஓதுமாறு கற்பிக்கும் ஆசிரியன்முன் பிரகலாதன் திருமால் பெயரை ஓதுகின்றான். ஆசிரியன் நடுங்கி, என்னையும் உன்னையும் கெடுத்தாய் என்று அலறுகின்றான். மறை கற்ற ஒருவன் மறைப்பொருளைக் கேட்டு அஞ்சும் இக்காட்சி ஒரு வல்லாட்சியின் முழு வரலாறு. ஆணை அரண்மனையில் நில்லாது பள்ளிக்கூடம் புகுந்து, நாவின்மேல் அமர்ந்துவிட்டது.

இக்கதையை இராவணன் கேட்டான். ஆனால் தன்னைப் பற்றியது என்று கேட்கவில்லை. தந்தைக்குப் பகையான மைந்தனைப் போன்றவன் நீ என்று தம்பியைப் பற்றியதாகவே கொண்டான். கண்முன் நின்றால் கொல்வேன் என்று துரத்தினான். அனலன், அனிலன், அரன், சம்பாதி என்னும் அமைச்சர் நால்வரோடு வீடணன் நீங்கினான். அவன் ஓடிப்போகவில்லை, இறுதிவரை அவையில் நின்று பேசி, துரத்தப்பட்டபின்பே சென்றான். காட்டிக்கொடுத்தவன் என்னும் குற்றச்சாட்டை ஆராய்வோர் இவ்வரிசை முறையை மறத்தல் கூடாது. பின்னர் அவன் இலங்கையின் அரண் முதலியவற்றை இராமனுக்கு உரைத்தமையும் காப்பியத்தில் உள்ளதே. அதனை மறைத்தலும் நேர்மையன்று.

ஆண்டான் மாறினான், அடிமை மாறவில்லை என்னும் தடைக்குக் கம்பன் தரும் விடை வீடணன் அடைக்கலப் படலத்தில் உள்ளது. அங்கும் ஓர் அவை கூடுகின்றது. வந்தவனை ஏற்கலாமா என்று இராமன் வினவுகின்றான். சுக்கிரீவன் மறுக்கின்றான், சாம்பவனும் நீலனும் மறுக்கின்றனர், அனுமன் மட்டும் ஏற்கலாம் என்கின்றான். இராமன் அனுமன் கருத்தைத் தழுவுகின்றான். பின்னர் வீடணனை அழைத்துவர அவன் அனுப்புவது யாரை? முதலில் மறுத்த சுக்கிரீவனையே. மறுத்தவன் இகழப்படவில்லை, முடிவில் பங்குடையவனாக ஆக்கப்பட்டான். மந்திர அவையையும் இவ்வவையையும் சில படலங்களுக்குள்ளேயே அமைத்ததனால், இரண்டையும் ஒப்பிடுமாறு கவிஞன் நம்மைப் பணிக்கின்றான் என்று கொள்ளுதல் மிகையாகாது.

அரங்கநகரின் வைணவ மரபில் ‘அடிமை’ என்னும் சொல் இழிபொருள் தருவதன்று. அடியேன் என்று தன்னைச் சொல்லிக்கொள்வதே அங்கே பேறு. அச்சொல்லே இலங்கை அவைக்கும் பொருந்துமாயின் வேறுபாடு யாது? பணிவோனிடத்தில் வேறுபாட்டைத் தேடினால் கிடைப்பது அரிது. கும்பகருணனின் பணிவு எவ்வகையிலும் குறைந்ததன்று. வேறுபாடு பணியப்படுவோனிடத்தே உள்ளது. எதிர்ச்சொல்லைத் தாங்கும் தலைமையின் கீழ் அடிமை என்பது உறவு. தாங்காத தலைமையின் கீழ் அது கேடு. இவ்வளவுகோல் இரணியனுக்கும் இராவணனுக்கும் பொருந்துவதுபோலவே நல்லோன் எனப்படும் எந்த அரசனுக்கும் பொருந்தும் என்பதையும் உடன்கூறல் வேண்டும். அவ்வளவுகோலைத் தந்தமையால்தான் கம்பன் ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரிய கவிஞனாக நின்றுவிடவில்லை.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: இராவணன் வீழ்ச்சிக்குக் காமம் வித்து, அவையின் பணிவு அது வளர்ந்த நிலம். அச்சம் அவனுக்குக் கருவிகளைத் தந்தது. முகமன் அவன் திருந்தும் கணங்களை அடைத்தது. நன்றியும் அன்பும் அவனுக்கு இறுதிவரை தோள்கொடுத்தன. உண்மை சொல்லப்பட்டது, சொன்னோர் பணிந்தும் நின்றமையால் அச்சொல் விலையிழந்தது. சொல்லிப் பணியாதவன் துரத்தப்பட்டான். இறுதிப் போரில் இராமன் யாவன் என ஐயுற்று, யாவனாயினும் ஆண்மையினின்று வழுவேன் எனத் துணியும் இராவணன் அருகே அவனை மறுத்துரைக்க எவரும் எஞ்சவில்லை. அவன் பெருமிதமும் தனிமையும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.

இம்முறையில் வில்லிபாரதத்துத் துரியோதனன் அவையையும் ஆராய்தல் பயனுடையது. வில்லை முறித்து நீங்கிய விதுரன், நன்றியால் நின்ற கன்னன், அறிந்தும் அமர்ந்திருந்த வீடுமன் ஆகியோரை இலங்கை மாந்தரோடு வைத்து ஒப்புநோக்கின், தமிழ்க் காப்பியங்கள் அரசவையைப் பற்றிக் கொண்டிருந்த கொள்கை முழுமையாக விளங்கும். முதுகலை மாணவர் இத்துறையில் ஈடுபடுவாராக. காவிரியின் தென்கரையில் திரிசிரனையும், ஆற்றிடைக்குறையில் வீடணனையும் ஒருசேர நினைந்து போற்றிய மக்கள், ஆட்சிக்காக மாண்டவனையும் ஆட்சியை விட்டு நீங்கியவனையும் ஒருவர்பொருட்டு ஒருவரை மறந்துவிடவில்லை. கம்பனும் கும்பகருணனையும் வீடணனையும் அவ்வாறே படைத்தான். இருவருள் ஒருவரைப் போற்றுதற்கு மற்றவரைத் தூற்றுதல் காப்பியத்தைப் பாதியே படித்தலாகும்.